காந்தியின் அளவுச் சட்டை: லண்டனில் தொடங்கி மதுரையில் முடிந்த ஒரு ஃபிட்டிங் கதை!

டெய்லர் கடைக்குப் போகும்போது நம்மில் பாதிப் பேர் இஞ்ச் டேப்புக்கு உடம்பைக் கொடுப்பதே இல்லை. வீட்டிலிருந்து ஒரு அளவுச் சட்டையையோ, அளவு பிளவுஸையோ பையில் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்துவிடுகிறோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் இந்த வேலை பல வருஷம் கொடிகட்டிப் பறந்தது. கல் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள். பிடித்த சட்டையைக் கொடுத்துவிட்டு ஊரைச் சுற்றி வந்தால், அதே அச்சில் இன்னொன்று தயாராக இருக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது ஒரு பெரிய ஆச்சர்யம். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. ஆனால், அளவுச் சட்டை கொடுக்கிற பழக்கம் மாறவில்லை.

நீங்களே வீட்டில் மிஷின் போட்டுத் தைக்க ஆரம்பித்தாலும் கதை இதுதான். பேப்பர் பேட்டர்ன் என்பது வேறொன்றுமில்லை, காகிதத்தில் வெட்டிய அளவுச் சட்டை. துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும் முக்கியம். நீங்க கையில் வைத்திருப்பது யாருடைய அளவு?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த ஒருத்தர் இருக்கார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரை நினைத்தாலே நமக்கு ஞாபகம் வருவது முழங்கால் வரைக்கும் ஒரு வேட்டி, கண்ணாடி, கைத்தடி. ஆனால், அந்த வேட்டிக்கு வந்து சேரும்போது அவருக்கு 52 வயது பிறக்கப் பத்தே நாள்தான் பாக்கி. அதற்கு முன்னால் அவர் மாற்றிப் பார்த்த உடைகளின் பட்டியல், உங்க வார்ட்ரோபை விடப் பெரியது. வாங்க, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். போகிற வழியில் உங்க குர்தாவையும் தைத்துவிடலாம்.

லண்டன்: இரவல் அளவு

1888. சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறியபோது காந்திக்கு 19 வயதுகூட முடியவில்லை. கப்பலில் கறுப்பு சூட்டையே போட்டுச் சமாளித்தார். கரையிறங்கும்போது கெத்தாக இருக்கணும் என்று வெள்ளை ஃபிளானல் சூட் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசி வாரம். இறங்கிப் பார்த்தால், அத்தனை கூட்டத்திலும் வெள்ளை உடுத்தியிருந்தது அவர் ஒருவர் மட்டும்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகள் எல்லாம் ஏஜென்ட் வசம் போய்விட்டன. மறுநாள் ஞாயிறு என்பதால் சாமான் திங்கட்கிழமைதான் கைக்கு வரும். அதுவரை அதே வெள்ளை சூட்டில் கூச்சத்தோடு திரிந்தார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஒரு ஜென்டில்மேன் மோகம். பம்பாயில் தைத்த உடைகளின் கட்டிங் சரியில்லை என்று ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் புதிதாக வாங்கினார். 19 ஷில்லிங்குக்கு ஓர் உயரமான தொப்பி. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டு கொடுத்து மாலை விருந்துக்கு ஒரு சூட். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய இரட்டைவடத் தங்க வாட்ச் செயின். தினமும் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டுவதும் தலை வாருவதும். டான்ஸ் கிளாஸ், வயலின் கிளாஸ் எல்லாம் போய்ப் பார்த்தார். மூன்று மாதத்தில் இந்த மயக்கம் தெளிந்தது. ஆனாலும், நேர்த்தியாக உடுத்தும் வழக்கம் பல வருஷம் தொடர்ந்தது.

தையல் பழகுகிறவர்கள் முதலில் வழுக்குவது இதே இடத்தில்தான். இணையத்தில் ஓர் அழகான பேட்டர்ன் கிடைக்கும். டவுன்லோடு செய்து, பிரின்ட் எடுத்து, வெட்டி, தைத்துப் போட்டுப் பார்த்தால் தோள் ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம். காரணம், அது வேறு ஓர் ஊர் உடம்பின் அளவு. அதனால்:

* எஸ், எம், எல் எழுத்துகளை நம்பாதீங்க. மார்பு, இடுப்பு, ஹிப் மூன்றையும் டேப்பில் எடுத்து, பேட்டர்னில் இருக்கும் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்க. டேப் உடம்பை இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது.

* பிரின்ட் எடுக்கும்போது 100 சதவிகித அளவில் எடுக்கணும். பெரும்பாலான பேட்டர்ன்களில் சரிபார்க்க ஒரு சின்னச் சதுரம் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்க. சதுரம் சரியாக இருந்தால்தான் மற்ற பக்கங்கள்.

* எந்தத் துணிக்காக வரைந்த பேட்டர்ன் என்று படியுங்க. இழுத்தால் நீளும் பனியன் துணிக்கான பேட்டர்னைக் கதரில் வெட்டினால், சட்டை தலை வழியாகவே இறங்காது.

தென்னாப்பிரிக்கா: கையில் வைத்திருந்த தலைப்பாகை

1893-ல் வக்கீல் வேலைக்காக டர்பன் போனார். கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் மாஜிஸ்திரேட். மறுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார் காந்தி. அடுத்த வருஷம் அவர் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலித் தொழிலாளி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த உடையோடு வந்து நின்றார். தலையில் இருக்க வேண்டிய துணி கையில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் போகும்போது தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே தொழிலாளிகளுக்கு எழுதப்படாத சட்டம். அதே வழக்கத்தில் காந்தி முன்னாலும் கழற்றிக்கொண்டு நின்றார். முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பல வருஷம் கழித்துச் சுயசரிதையில் எழுதும்போதும் அவர் மறக்கவில்லை.

ஒரு முழத் துணிக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை காந்திக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருந்தார்.

ஆனால், பாடம் உடனே முழுசாக உள்ளே போகவில்லை. 1897 தொடக்கத்தில் குடும்பத்தை டர்பனுக்கு அழைத்துப் போனபோது, எல்லாரும் நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்று கஸ்தூரிபாவுக்கு பார்ஸி முறைப் புடவை, பையன்களுக்கு பார்ஸி கோட்டும் பேன்ட்டும் ஏற்பாடு செய்தார். ஷூ, ஸ்டாக்கிங்ஸ் கட்டாயம். ஷூ காலைக் கடித்தது, ஸ்டாக்கிங்ஸ் வியர்வையில் நாறியது, விரல்கள் புண்ணாயின. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. அவர் தேர்வு செய்த உடை, மாட்டிக்கொண்டது வீட்டில் இருந்தவர்கள்.

அதே டர்பனில்தான் அவருடைய சொந்தக் கை வேலையும் தொடங்கியது. சலவைக் கூலி கட்டுப்படியாகாமல், ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானே காலர் துவைத்துக் கஞ்சி போட்டார். கஞ்சி அதிகம், இஸ்திரிப் பெட்டியில் சூடு குறைவு. கோர்ட்டில் காலரிலிருந்து கஞ்சி உதிர, சக வக்கீல்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பழகுவதை நிறுத்தவில்லை. 1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, தன் குரு ரானடே பரிசளித்த அங்கவஸ்திரத்தை இஸ்திரி போட காந்தியிடம் கொடுத்தார், கொஞ்சம் பயந்துகொண்டேதான். காந்தி கச்சிதமாகப் போட்டுக் கொடுத்துப் பாராட்டு வாங்கினார்.

உங்க முதல் காலர் கோணலாக வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. கூடவே இன்னொன்று: அயர்ன் பாக்ஸை மிஷினுக்குப் பக்கத்திலேயே வையுங்க. ஒரு தையல் போட்டதும் அதை அழுத்தி இஸ்திரி போட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போகணும். வீட்டில் தைத்த துணிக்கும் கடைத் துணிக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பாதி இதில்தான் இருக்கு.

டால்ஸ்டாய் பண்ணை: ஜெயில் உடையே பேட்டர்ன்

1910. ஜோஹன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தை நண்பர் காலன்பாக் கொடுத்தார். சிறை சென்ற சத்தியாகிரகிகளும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்து வாழ அங்கே டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. குஜராத்திகள், தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள் எல்லாரும் ஒரே சமையல், ஒரே உழைப்பு. காலன்பாக்கிடமிருந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார் காந்தி.

அங்கே என்ன உடுத்தினார்கள் தெரியுமா? கைதி உடையைப் பார்த்து அதே மாதிரி அமைந்த பேன்ட்டும் சட்டையும். முரட்டு நீலத் துணி. பண்ணையில் இருந்த பெண்களில் பலருக்குத் தையல் நன்றாக வரும் என்பதால், தையல் பிரிவை அவர்களே பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜென்டில்மேனின் அளவை எடுத்தவர், இங்கே கைதியின் அளவை எடுத்தார். அவமானம் என்று சர்க்கார் மாட்டிவிட்ட உடையை வீட்டு உடையாக்கிவிட்டால், அதற்கு மேல் ஜெயிலைக் காட்டி யாரை மிரட்ட முடியும்?

ஏற்கெனவே இருக்கும் உடையைப் பார்த்து இன்னொன்று தைப்பதுதான் வீட்டுத் தையலுக்கு மிகச் சுலபமான வாசல். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு பழைய காட்டன் குர்தாவை எடுங்க.

* நன்றாக இஸ்திரி போட்டு, நெடுக்கே நடுவில் பாதியாக மடித்து, செய்தித்தாள் மேல் பரப்புங்க. முன்பக்கத்துக்கு ஒரு காகிதம், பின்பக்கத்துக்கு ஒரு காகிதம், கைக்கு ஒன்று. முன் கழுத்து பின் கழுத்தைவிட இறக்கமாக இருக்கும். முன் கை வெட்டும் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். இரண்டையும் ஒன்றாக வரைந்துவிடாதீங்க.

* ஓரங்களைச் சுற்றி வரைந்த பிறகு, தையலுக்கு விடணும். பக்கவாட்டில் ஒரு இஞ்ச், தோளிலும் கை வெட்டிலும் கழுத்திலும் அரை இஞ்ச், கீழே மடிக்க ஒன்றரை இஞ்ச்.

* புதிதாக அளவெடுத்து வரைகிறீர்கள் என்றால், உடம்பின் மார்பு அளவோடு 4 முதல் 6 இஞ்ச் லூஸ் சேருங்க. உடம்பளவுக்கே வெட்டினால் மூச்சுகூட விட முடியாது.

1913-ல் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த டிசம்பரில் சிறையிலிருந்து வந்த காந்தி, கோட் பேன்ட்டை விட்டுவிட்டு ஒப்பந்தத் தொழிலாளிகளைப்போல லுங்கியும் நீளச் சட்டையுமாகத் துக்கக் கோலத்தில் கூட்டத்தில் தோன்றினார். பாலசுந்தரம் அவர் முன் நின்று ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, பாலசுந்தரங்களின் அளவு அவர் உடம்புக்கு வந்தது.

சபர்மதி: 45 இஞ்ச் அகலத்துக்கு ஒரு கெடு

1915-ல் இந்தியா திரும்பினார். கத்தியவாடி உடை, மேலங்கி, அங்கவஸ்திரம். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏழையோடு ஏழையாகப் போக இது அதிகம் என்று மேலங்கியும் அங்கவஸ்திரமும் போயின. அரை ரூபாய் சொச்சத்துக்கு ஒரு காஷ்மீரித் தொப்பி வந்தது.

அடுத்தது, துணியையே தாங்களாக உண்டாக்குவது. ஆசிரமத்தில் யாருக்கும் நூற்கத் தெரியாது. கங்காபென் என்ற பெண்மணி தேடி அலைந்து, விஜாப்பூரில் பரண்மேல் கிடந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் நெய்த கதர், கஜம் 17 அணா. அகலமோ 30 இஞ்ச்தான். வேட்டிக்குப் பத்தாது. ஒரு மாதத்துக்குள் 45 இஞ்ச் அகல வேட்டி கிடைக்காவிட்டால், முரட்டுத்துணியில் குட்டையான வேட்டியையே கட்டிக்கொள்வேன் என்று கங்காபென்னுக்குக் கெடு வைத்தார் காந்தி. கெடு முடியும் முன்பே 45 இஞ்ச்சில் இரண்டு வேட்டிகள் வந்து சேர்ந்தன.

கதர் வாங்கும்போது நீங்களும் முதலில் அகலத்தைக் கேளுங்க. கடைக்கும் தறிக்கும் தகுந்த மாதிரி மாறும். 36 இஞ்ச் அகலத் துணியில் முழங்கால் அளவு குர்தாவுக்குக் கணக்கு இப்படி: இரண்டு நீளம், ஒரு கை நீளம், மேலே ஒரு கால் மீட்டர். 40 இஞ்ச் நீளக் குர்தா, 18 இஞ்ச் கை என்றால், மடிப்பும் தையலும் சேர்த்து 104 இஞ்ச் வரும். அதாவது 2.65 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 3 மீட்டர் வாங்கினால் நிம்மதி.

வாங்கியதும் வெட்டிடாதீங்க. கதர் சுருங்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரி. சுங்குடியில் தைக்கப் போகிறீர்கள் என்றால் தனியாக ஊறவையுங்க; சாயம் இறங்கலாம். பேட்டர்னின் நீளவாக்கு, துணியின் கரைக்கு இணையாக இருக்கணும். இது கோணினால், எத்தனை அழகாகத் தைத்தாலும் இரண்டு சலவையில் குர்தா உடம்பைச் சுற்றித் திருகிக்கொள்ளும்.

மதுரை: ட்ரையல் பார்க்கப் போட்ட உடை

1921, ஒத்துழையாமை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகள் மலைபோலக் குவிக்கப்பட்டு எரிந்தன. எரித்தாச்சு, சரி. ஏழைகள் எதைக் கட்டுவார்கள்? வங்காளத்தின் குல்னாவில் பஞ்சம். உடுத்தத் துணியில்லாத மக்கள். அந்தச் செய்தி வந்தபோதே தன் உடையைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. செப்டம்பரில் கூட வந்த முகமது அலி வால்டேரில் கைதானபோது மறுபடி தோன்றியது. இரண்டு முறையும் தள்ளிப்போட்டார்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில். பெட்டியில் இருந்தவர்கள் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் உடுத்தச் சொன்னார். தலையை ஆட்டினார்கள். ஏழைகளான எங்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. காந்தி தன்னைப் பார்த்துக்கொண்டார். தொப்பி, சட்டை, முழு வேட்டி. அத்தனையும் கதர். அந்த மக்களுக்கு எட்டாத கதர்.

மதுரை மேல மாசி வீதியில், இன்று கதர்க்கடை இருக்கும் அந்தக் கட்டடத்தில்தான் அன்று தங்கினார். செப்டம்பர் 22 காலை, சட்டையும் தொப்பியும் இல்லாமல், முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் முதலில் தோன்றிய இடம், காமராஜர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது சிலையைப் பார்த்திருப்பீங்க.

கூட இருந்த ராஜாஜிக்கும் டாக்டர் ராஜனுக்கும் இது உவப்பாக இல்லை. காந்தியும் இதை நிரந்தரம் என்று அறிவிக்கவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் சொன்னார். மற்றவர்களும் இப்படியே செய்ய வேண்டும் என்றும் கேட்கவில்லை. தையல்கடைப் பாஷையில் சொன்னால், அது ஒரு ட்ரையல். அந்த ட்ரையல் 26 வருஷம் நீண்டது. லங்காஷயர் மில் தொழிலாளர்களைச் சந்தித்ததும், 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனதும் அதே வேட்டியில்தான். 1888-ல் லண்டனில் தன்னுடைய உடையைப் பார்த்துக் கூசிய பையனுக்கு, இப்போது கூச்சம் துளிகூட இல்லை.

நீங்களும் ட்ரையல் பார்க்காமல் கடைசித் தையல் போடாதீங்க. மிஷினில் தையலின் நீளத்தைப் பெரிதாக வைத்து, தோளையும் பக்கங்களையும் முதலில் இணையுங்க, பிரிக்கச் சுலபம். உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு மூன்று வேலை செய்யுங்க: கையைத் தூக்குங்க, உட்காருங்க, குனிந்து செருப்பு மாட்டுங்க. கையைத் தூக்கினால் குர்தா மொத்தமும் மேலே ஏறுகிறதா? கை வெட்டு ரொம்ப இறங்கியிருக்கு. கக்கத்தில் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் விடுதலை. நெஞ்சில் இழுக்கிறதா? பக்கத்தில் விட்ட ஒரு இஞ்ச்சிலிருந்து கொஞ்சம் பிரித்து விடுங்க. கழுத்தை மட்டும் எப்போதுமே சின்னதாக வெட்டுங்க. பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது.

கழற்றியவர் ஒருவர், போடப் போராடியவர்கள் பலர்

மதுரைக் கதையை இத்தோடு முடித்தால் அது பாதிச் சட்டைதான். அடுத்த பாதி பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது.

மேல மாசி வீதியில் காந்தி சட்டையைக் கழற்றி ஒன்பது வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. செருப்பு, குடை கூடாது. பட்டியல் இப்படிப் போகும். மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள்.

கவனியுங்க. காந்தி தானாகத் தேர்ந்துகொண்ட அதே முழங்கால் அளவு, இங்கே வேறொருவர் மேல் திணிக்கப்பட்ட அளவு. துணி ஒன்றுதான். யார் அளவெடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டையே வைத்திருந்தவருக்கு அதைக் கழற்றுவது தியாகம். சட்டை மறுக்கப்பட்டவருக்கு அதைப் போடுவது விடுதலை. 1927-ல் மஹத்தில் கூடிய பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டும் விதத்தில் புடவை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார் அம்பேத்கர். அவர் கடைசிவரை கோட்டும் சூட்டுமாக நிமிர்ந்து நின்றதும் இதே கணக்கில்தான். காந்தியின் வேட்டியையும் அம்பேத்கரின் கோட்டையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போடுவது சுலபம். ஆனால், ராமநாதபுரத்தில் ஒரு பெண் முதல்முதலாகத் தைத்துப் போட்ட ரவிக்கையையும் அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான், இந்த நாட்டின் உடை வரலாறு முழுசாகப் புரியும்.

காந்தியின் நம்பிக்கைகளும் ஓர் இடத்தில் தேங்கிவிடவில்லை. 1934-ல் மதுரை வந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறக்காத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் போகவில்லை. 1939-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்து, 1946-ல்தான் உள்ளே போனார்.

மிஷினுக்கு மட்டும் விதிவிலக்கு

எந்திரங்களைக் கண்டாலே காந்திக்கு ஆகாது என்று படித்திருப்பீங்க. தையல் மிஷின் அதில் சேராது. 1924-ல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்த அவரிடம், சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் எந்திரங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். மனித உழைப்பைப் பறிக்காமல் பளுவை மட்டும் குறைக்கும் கருவிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்று சொன்ன காந்தி, முதல் உதாரணமாகக் காட்டியது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தியின் நம்பிக்கை. நிஜத்தில் சிங்கர் அப்படியொரு ஆதர்சக் கணவர் இல்லை. பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் குழந்தைகள். அவர் 1851-ல் காப்புரிமை வாங்குவதற்கு முன்பே எலியாஸ் ஹோவ் 1846-ல் வாங்கிவிட்டார். காதல் கதை தப்பாக இருக்கலாம். ஆனால், ஒரு கருவி யாருடைய பளுவைக் குறைக்கிறது என்ற கேள்வி தப்பில்லை.

கேள்வி கேட்ட மாணவர் யார் தெரியுமா? ஜி.ராமச்சந்திரன். பிறகு அவர் மணந்துகொண்டது மதுரை டி.வி.எஸ் குடும்பத்து மகள் டாக்டர் சௌந்தரம். இருவரும் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். டெல்லியில் தொடங்கிய பேச்சு, மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு நிறுவனமாகவே நிற்கிறது.

உங்க மிஷினுக்கு வருவோம். கதருக்கு 14-ம் நம்பர் ஊசி போதும். ரொம்ப முரட்டுத்துணி என்றால் 16. தையல் நீளம் இரண்டரையில் வையுங்க. கதர் பிசிறு விடும். வீட்டில் ஓவர்லாக் மிஷின் இல்லையா? கவலை வேண்டாம். துணியின் வெளிப்பக்கம் தெரிய இரண்டையும் சேர்த்து, ஓரத்தில் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல். பிசிறைக் கத்தரித்து, துணியை உள்பக்கமாகத் திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே ஒளிந்துகொள்ளும். கழுத்து வளைவில் பட்டி வைத்துத் திருப்புவதற்கு முன்னால், தையலை வெட்டிவிடாமல் சின்னச் சின்னக் கத்திரி வெட்டுகள் கொடுத்தால் சுருக்கம் விழாது.

கடைசியில் மிஞ்சிய துணி

1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தம் தோய்ந்த துணியின் ஒரு பகுதி இப்போது மதுரையில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்து, 1959-ல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில். அடுத்த முறை தமுக்கம் பக்கம் போனால் உள்ளே போய்ப் பாருங்க. அதில் ஒரு தையல்கூட இல்லை. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டு கொடுத்துத் தொடங்கிய பயணம், தைக்காத ஒரு துண்டுத் துணியில் வந்து நின்றது.

அதற்காக நீங்க தைக்காமல் இருக்க வேண்டியதில்லை. ஜென்டில்மேன், கைதி, கூலி, விவசாயி என்று ஒவ்வோர் அளவாக எடுத்துப் பார்த்து, தனக்கும் தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கும் ஒத்துவருகிற ஒன்றை அவர் தேடினார். நீங்க தேட வேண்டியது உங்களுடையதை. பரணில் தூங்கும் பாட்டியின் மிஷினை இறக்குங்க. எண்ணெய் விட்டு ஓட்டிப் பாருங்க. மூன்று மீட்டர் கதரை இன்று ராத்திரி ஊறவையுங்க. ஞாயிற்றுக்கிழமை கையில் கத்திரி எடுப்பதற்கு முன்னால், காகிதத்தை ஒருமுறை உடம்பில் வைத்துப் பார்த்து, இது யார் அளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்க. உங்க அளவு என்றால், தாராளமாக வெட்டுங்க!